முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு ‘வேண்டாம்’

ஷாபூர் லொத்ஃபி தன் வாழ்க்கையில் சொன்ன ‘வேண்டாம்’களை எல்லாம் ஏற்றினால் ஒரு பேருந்து பத்தாது. தொண்டை வறண்டு கிடந்தபோது தேநீர் வேண்டாம் என்றிருக்கிறான். கால் கடுத்தபோது நாற்காலி வேண்டாம் என்றிருக்கிறான். அவற்றை யாரும் குறித்துவைக்கவில்லை, அதனால் கெடுதலும் இல்லை. ஒரே ஒரு ‘வேண்டாம்’ மட்டும் ஒலிப்பதிவாகி, தட்டெழுத்தாகி, பக்க எண் போடப்பட்டு சிட்னியில் ஒரு கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை அங்கிருந்து கிளப்புவதற்கு நாலு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அவன் பாரசீகத்து அராக் ஊரில் டவுன் பஸ் ஓட்டியவன். குளிர்காலத்தில் அவன் வண்டி நிறுத்தத்தில் வந்து நின்றால் முதலில் நிற்கும் இரண்டு பேர் ஏறமாட்டார்கள். “நீங்க முதல்ல.” “ஐயோ, நீங்க இருக்கும்போது நானா?” “அப்படிச் சொல்லாதீங்க, நீங்கதான்.” பின்னால் பனியில் பதினைந்து பேர் நின்று நடுங்குவார்கள். ஷாபூர் ஜன்னலில் தலையை நீட்டி, “ரெண்டு பேரும் ஒண்ணா ஏறுங்கய்யா, இல்லாட்டி ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போயிடுவேன்” என்று கத்துவான். கத்தினாலும் அவனும் அந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்தான். அன்று சாயங்காலம் மாமியார் வீட்டு வாசலில் அவனே பத்து நிமிடம் அப்படி நிற்பான்.

இந்த உபசாரத்துக்கு எங்களிடம் தாரூஃப் என்று பெயர். ஒருவர் ஒன்றைக் கொடுக்க வந்தால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை உங்களுக்கு ஏன் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவைதான் உண்மைப் பதில். கொடுப்பவரும் மூன்று தடவை கேட்டாக வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்கிறவனுக்குக் கொடுக்க மனமில்லை என்றே பொருள். இதை எங்களுக்கு யாரும் உட்கார்த்திச் சொல்லித் தருவதில்லை, நடக்கப் பழகும்போதே வந்துவிடுகிறது.

ஒரு தை மாதக் காலையில் பிரேக் பிடிக்காமல் ஒரு வண்டி சரிவில் இறங்கி மூன்று பேர் இறந்தார்கள். பிரேக் மாற்றாமல் வண்டி எடுக்கமாட்டோம் என்று ஓட்டுநர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் சார்பில் பேசப் போன நாலு பேரில் ஷாபூரும் ஒருவன். நாற்பத்தொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது இடது காது சரியாகக் கேட்கவில்லை, வேலைநீக்க உத்தரவு வீட்டில் காத்திருந்தது. உடன் பேசிய இன்னொருவனை மறுபடி அழைத்துப் போனார்கள், அவன் திரும்பவில்லை. அந்த வருஷமே ஷாபூர் ஒரு சுற்றுலா விசாவில் விமானம் ஏறினான். மனைவி மஹ்வஷ் பின்னால் வருவதாக ஏற்பாடு. அப்போது அவளுக்கு முப்பத்துமூன்று. குழந்தை பெற்றுக்கொள்வதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

சிட்னியின் மேற்கே மெரிலாண்ட்ஸில் ஒரு வீட்டின் பின்புறம் கட்டிய ஒற்றை அறையில் குடியேறினான். குளியலறைகளுக்கு ஓடு பதிக்கும் வேலை கிடைத்தது. பஸ் ஓட்டியவனுக்கு நாள் முழுக்க முட்டிபோட்டபடி சுவரைப் பார்த்திருக்கும் வேலை. ஓடு பேசாது, எதிர்த்துக் கேட்காது. சில நாட்களில் காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை அவன் வாயிலிருந்து வெளியே வந்த சொற்கள் ‘குட்மார்னிங்’, ‘ஓகே’ இரண்டுதான்.

முன்வீட்டுக்காரி சமுட் பாட்டி மால்ட்டாக்காரி. பின்கட்டில் ஒரு எலுமிச்சை மரம் வைத்திருந்தாள். அவன் குடிவந்த வாரம் ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்து நீட்டினாள். “வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றான். “சரிப்பா” என்று பையோடு திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வருஷாவருஷம் அந்த மரத்தடியில் பழங்கள் விழுந்து அழுகுவதை அவன் தன் ஜன்னல் வழியே பார்த்தான். கடையில் போய் எலுமிச்சை வாங்கினான்.

தினமும் வேலை முடிந்து குளித்ததும் மஹ்வஷுக்குத் தொலைபேசி. அங்கே அவள் வேலை பார்த்த மருந்துக்கடையில் மதிய இடைவேளை. வேலை முடித்தவர்களுக்கு எங்கள் ஊரில் சொல்லும் முகமனோடுதான் அவள் தொடங்குவாள், பெயரோடு ‘ஜான்’, அதாவது உயிரே, என்று சேர்த்து.

“களைச்சுப் போகாம இருங்க, ஷாபூர் ஜான்.”

“நீயும் களைச்சுப் போகாம இரு.”

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சு.”

இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள்.

இரண்டாம் வருஷம் ஒருநாள் அவள், “நான் அங்க வந்துரட்டுமா?” என்று கேட்டாள். “வேண்டாம், அவ்வளவு தூரம், உனக்கு எதுக்குச் சிரமம்” என்று சொல்லிவிட்டு அடுத்த தடவை கேட்பாள் என்று காத்திருந்தான். கடையில் யாரோ மருந்துச் சீட்டோடு வந்தார்கள் போலிருக்கிறது. “அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள். மறுநாள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவளுக்கு வர மனமில்லை என்று இவன் எண்ணிக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பினால் ஆபத்து என்று அவன் பாதுகாப்பு விசா கேட்டுப் போட்ட மனு தள்ளுபடியானது. தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்தான். இரண்டாயிரத்துப் பத்தொன்பது மார்ச்சில், எங்கள் புத்தாண்டான நவ்ரூஸுக்கு ஒன்பது நாள் முன்பு, விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. ஒரு குடுவைத் தண்ணீர், கண் துடைக்கும் காகிதப் பெட்டி, மேசை நடுவில் ஒலிபெருக்கித் தொலைபேசி. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பாரசீகத்தில் மொழிபெயர்த்தது. தீர்ப்பாய உறுப்பினர் மூக்குக்கண்ணாடி போட்ட சாந்தமான மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். காலை முழுக்க பிரேக்கும் பனியும் நாற்பத்தொரு நாளும் ஓடின. ஷாபூர் நன்றாகவே பதில் சொன்னான். மதியத்துக்கு மேல் அவர் ஒரு தாளை எடுத்தார்.

“உங்க மனைவி ரெண்டாயிரத்துப் பதினேழு ஆகஸ்ட்ல இந்த நாட்டுக்கு வர ஒரு விசா கேட்டிருக்காங்க. கொடுக்கலை. அது உங்களுக்குத் தெரியுமா?”

ஷாபூருக்குத் தெரியாது. அவள் வரப் பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் காகிதம் தேடி, படம் எடுத்து, தலைநகரத்துக்கு அலைந்து, கதவு அடைக்கப்பட்டு, திரும்பி மருந்துக்கடைக்குப் போய் மறுநாள் மதியம் ‘களைச்சுப் போகாம இருங்க’ என்று சொல்லியிருக்கிறாள். அது எந்த நாள் என்று அவன் மனது தேடத் தொடங்கியது. அந்த ஆகஸ்டில் அவன் பாரமட்டாவில் ஒரு மருத்துவமனைக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவள் குரல் கம்மியிருந்தது. சளி என்றாள்.

உறுப்பினர் தொடர்ந்து வாசித்தார். “அந்த மனுவோட உங்க பஸ் கம்பெனிக் கடிதம் ஒண்ணு இருக்கு. நீங்க சம்பளமில்லாத லீவுல இருக்கறதாவும், திரும்பி வந்ததும் வேலையில சேரலாம்னும் எழுதியிருக்கு. உங்களை வேலையை விட்டு நீக்கிட்டாங்கன்னு சொன்னீங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?”

அப்படிப்பட்ட கடிதம் அராக்கில் எந்தப் பயண முகவரிடம் போனாலும் கேட்காமலே தயாராகும். புருஷன் வேலையில் இருக்கிறான் என்று காட்டினால் விசா தருவார்கள் என்பது அந்த முகவர்களின் சாஸ்திரம். உண்மையான நீக்க உத்தரவு, முத்திரையோடு, வீட்டு அலமாரியின் மேல்தட்டில் துணிக்கு அடியில் கிடந்தது. பதினைந்து நாள் கொடுத்தால் வரவழைத்துவிடலாம். இதெல்லாம் ஷாபூருக்கு அன்று ரயிலில் திரும்பும்போதுதான் கோர்வையாகத் தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றவில்லை.

“எனக்குத் தெரியலைங்க” என்றான்.

“பதில் சொல்றதுக்கு உங்களுக்கு நேரம் வேணுமா?”

தண்ணீரில் மூழ்குகிறவனுக்குக் கயிறு வீசியதுபோல அந்தக் கேள்வி வந்தது. ஷாபூர் நெஞ்சில் கை வைத்து, தலையைக் குனிந்து, “வேண்டாங்க, நீங்க சிரமப்படாதீங்க” என்றான்.

தொலைபேசிக்குள் இருந்த அம்மாள் அதை ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அவளும் எங்கள் ஊர்க்காரி, அந்த ‘வேண்டாம்’ எப்படிப்பட்ட வேண்டாம் என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் சொன்னதைச் சொல்வதுதான் அவர்கள் வேலை, சொல்லாததைச் சொன்னால் வேலை போய்விடும். உறுப்பினர் “சரி” என்று தாளைத் திருப்பினார். ஷாபூர் அவர் உதட்டையே பார்த்தபடி இருந்தான். இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், ஆனாலும் கொடுக்க மனமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அன்று மாலை மஹ்வஷிடம், “என்னை வேலையை விட்டு நீக்கின காகிதம் இருக்கில்ல, அதைப் படம் எடுத்து அனுப்பு” என்றான்.

“எதுக்கு? ஏதாவது சிக்கலா?”

“சேச்சே. சும்மா கேட்டாங்க.”

விசா விஷயத்தை அவன் கேட்கவில்லை. கேட்டால் அவள் கூசிப்போவாள் என்று நினைத்தான். படம் வந்தது. அதை மொழிபெயர்க்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோதே தீர்ப்பு வந்துவிட்டது, சரியாக நவ்ரூஸ் அன்று. காலை எட்டரைக்கு மேல் வருஷம் பிறக்கும் நேரம் என்று வேலைக்குத் தாமதமாகப் போக அனுமதி வாங்கி, மேசையில் துணி விரித்து, முளைவிட்ட கோதுமை, பூண்டு, ஆப்பிள், வினிகர் எல்லாம் வைத்து, வழக்கப்படி கண்ணாடியும் வைத்திருந்தான். மேசையைச் சுற்றி உட்காரும் குடும்பத்தின் முகங்கள் தெரியத்தான் அந்தக் கண்ணாடி. அதில் ஒரு முகம்தான் தெரிந்தது. கைபேசி ஒலித்தது, மஹ்வஷ் என்று எடுத்தான். மின்னஞ்சல். பதினேழு பக்கத்தில் ஒரு வரி மட்டும் அவனுக்குக் கடைசிவரை மறக்கவில்லை: ‘இதுகுறித்துக் கருத்துச் சொல்ல அவகாசம் வேண்டுமா என்று கேட்கப்பட்டது, விண்ணப்பதாரர் வேண்டாம் என்று கூறிவிட்டார்.’

பிறகு நீதிமன்றம். முப்பத்தைந்து நாளுக்குள் மனு போட வேண்டும் என்றார்கள். ரொட்டிக்கடையில் ஒருவன் எழுதிக்கொடுத்த ‘எனக்கு நியாயம் கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரியைப் பார்த்து எழுதிக் கொடுத்தான். முறை வருவதற்குக் காத்திருக்கச் சொன்னார்கள். எத்தனை குளியலறை, எத்தனை சமையலறைச் சுவர், எத்தனை நவ்ரூஸ் கண்ணாடி! அவன் தாடியில் வெள்ளை வந்தது. தொலைபேசியில் மஹ்வஷின் குரலில் சிரிப்பு குறைந்தது. இரண்டு பேரும் ‘ஆச்சு, ஆச்சு’ என்று சொல்லிக்கொண்டார்கள்.

விசாரணைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு இலவசச் சட்ட உதவி மையத்தில் ப்ரான்வின் என்ற அம்மாளிடம் இடம் கிடைத்தது. அறுபது வயதிருக்கும், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுபவள். மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா.

“பிஸ்கட்?”

“வேண்டாங்க, நன்றி.”

டப்பாவை மூடி இழுப்பறைக்குள் வைத்துவிட்டாள். ஷாபூர் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

அவள் தீர்ப்பாய ஒலிப்பதிவைத் தட்டெழுதி வைத்திருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “முப்பத்தோராம் பக்கம். நேரம் வேணுமான்னு அந்த மனுஷன் கேட்டிருக்கார். நீங்க வேண்டாம்னுட்டீங்க. ஏங்க?” என்றாள்.

“எனக்கு வேணும்ங்க.”

“இங்க வேண்டாம்னுல்ல போட்டிருக்கு?”

“வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா வேணும்.”

“ஷாபூர், எனக்கு வயசாயிட்டுது. புரியற மாதிரி சொல்லுங்க.”

ஷாபூர் இழுப்பறையைக் காட்டினான். “இப்ப பிஸ்கட் வேணுமான்னு கேட்டீங்க. வேண்டாம்னேன். எனக்கு வேணும்.”

“அப்ப சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“நீங்க ஒரு தடவைதானே கேட்டீங்க.”

ப்ரான்வின் இழுப்பறையை இழுத்தாள். பிறகு டப்பாவை எடுத்துத் திறந்து அவன் முன்னால் வைத்து, “ஒரு தடவை. ரெண்டு தடவை. மூணு தடவை. எடுங்க” என்றாள். அவன் வெட்கத்தோடு ஒன்று எடுத்தான். “இன்னும் ரெண்டு எடுங்க. இதுக்கும் மூணு தடவை கேக்கணுமா?” அவன் ஊர்ப்பேச்சைக் கேட்டதுபோலச் சிரித்துவிட்டான். அந்த நாட்டுக்கு வந்தபிறகு இன்னொருவர் முன்னால் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் அவள் கையை விரித்தாள். “பிஸ்கட்டை வச்சு கேஸ் ஜெயிக்க முடியாது. அவர் கேட்டார், நீங்க வேண்டாம்னீங்க, அவருக்கு என்ன ஜோசியமா தெரியும்? இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. நீங்க சொல்றது நெசமா பொய்யான்னு ஜட்ஜ் பாக்கமாட்டார். அது அவர் வேலை இல்ல. உங்களை விசாரிச்ச முறை சரியா தப்பா, அது ஒண்ணுதான் கேள்வி.”

“நான் உண்மையச் சொல்றேன்னு யாருமே பாக்கமாட்டாங்களா?”

“இந்தக் கோர்ட்டுல பாக்கமாட்டாங்க.”

அவள் மறுபடி முப்பதாம் பக்கத்துக்குப் போனாள். விரலை வைத்து வரிவரியாக வாசித்தாள். அப்புறம் ஒரு இடத்தில் நின்றாள். “இதைப் பாருங்க. கடிதத்தை வாசிச்சார். என்ன சொல்றீங்கன்னார். நேரம் வேணுமான்னார். ஆனா ‘இந்தக் கடிதத்தை வச்சு நீங்க பொய் சொல்றதா நான் முடிவு பண்ணலாம், உங்களைத் திருப்பி அனுப்பறதுக்கு இதுவே காரணமாகலாம்’னு எங்கயாவது சொன்னாரா?”

“இல்லைங்க.”

“சொல்லியாகணும். அது சட்டம். எது தலையில விழப் போகுதுன்னு தெரியாதவன்கிட்ட நேரம் வேணுமான்னு கேட்டா அது கேள்வியே இல்ல.” அதைத்தான் மனுவில் எழுதினாள். கூடவே, வேண்டாம் வேண்டாமென்று மூன்று தடவை சொல்லும் வழக்கத்தைப் பற்றியும் ஷாபூர் பெயரில் ஒரு பத்தி சேர்த்தாள். “ஜெயிக்க இல்ல. ஜட்ஜுக்கு ஆளைத் தெரியட்டும்னு.”

மையத்துக்கு நீதிமன்றத்தில் நின்று வாதாட ஆள் இல்லை, அவனேதான் நிற்க வேண்டும். அதற்காக ஒத்திகை நடந்தது. “ஜட்ஜ் ஏதாவது சொல்றீங்களான்னு கேப்பார். முதல் தடவையே ஆமான்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க. ஏதாவது சொல்றீங்களா?”

“வேண்டாங்க, உங்களுக்கு எதுக்கு...”

“ஐயோ கடவுளே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வேலையில் முட்டிபோட்டு ஓடு பதிக்கும்போது ஷாபூர் சுவரிடம் பழகினான். ‘ஆமா, சொல்றேன். ஆமா, வேணும்.’ பழகப் பழக அவனுக்கு என்னவோ திருடக் கற்றுக்கொள்வதுபோல இருந்தது.

விசாரணை நாளில் தனியாகத்தான் போனான். நீண்ட மேசையின் ஒரு பக்கம் அரசாங்க வக்கீலும் அவருக்கு உதவியாக இருவரும், மறுபக்கம் இவனும் மொழிபெயர்க்கும் ஒரு இளைஞனும். அரசாங்க வக்கீல் நாற்பது நிமிடம் பேசினார். சாரம் ஒன்றுதான்: நேரம் வேண்டுமா என்று கேட்டார்கள், இவர் மரியாதையாகவே மறுத்துவிட்டார், முப்பத்தோராம் பக்கம். அந்த எண்ணை அவர் ஏழு தடவை சொன்னதை ஷாபூர் விரல் விட்டு எண்ணினான்.

நீதிபதி இவன் பக்கம் திரும்பினார். ஒல்லியான மனிதர், கழுத்தில் சளிக்குத் துணி சுற்றியிருந்தார். “திரு லொத்ஃபி, இதுக்குப் பதிலா நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?”

ஷாபூர் எழுந்தான். இரண்டு மாதம் சுவரிடம் பழகியது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. “வேண்டாங்க. உங்க நேரத்தை வீணாக்க வேண்டாம்.”

சொன்ன மாத்திரத்தில் காதில் விழுந்தது. அரசாங்க வக்கீல் கோப்பை மூடத் தொடங்கினார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

“உங்க மனுவோட இருந்த அந்தப் பத்தியை நான் படிச்சேன்” என்றார். “அதனால இன்னொரு தடவை கேக்கறேன். ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?”

“உங்களுக்குச் சிரமம்...”

“மூணாவது தடவை கேக்கறேன்.”

அறையில் யாரோ சிரித்தார்கள். ஷாபூர் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. ஒரு நாட்டில் எட்டு வருஷம் இருந்து இப்போதுதான் வாசலில் நின்று ஒருவர் அவனை முறையாக உள்ளே கூப்பிட்டிருக்கிறார்.

“ஆமாங்க, சொல்றேன்” என்றான். “என் பொண்டாட்டி இங்க வர்றதுக்கு மனு போட்டிருந்தான்னு எனக்கு அன்னிக்கு அந்த ரூம்லதான் தெரியும். அதுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதுல ஏறலை. அவ எந்த நாளு போனா, யாரு கூடப் போனா, அழுதாளா, அதையேதான் நினைச்சுட்டிருந்தேன். அந்தக் கடிதத்தால உன்னைத் திருப்பி அனுப்பிடுவேன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் முழிச்சிருப்பேன். என்கிட்ட உண்மையான காகிதம் இருந்தது. அவ்வளவுதாங்க.”

உட்கார்ந்தான். நீதிபதி எழுதிக்கொண்டார். நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

தீர்ப்பு மூன்று மாதம் கழித்து வந்தது. ப்ரான்வின் வேலை இடத்துக்கே கூப்பிட்டாள். “ஜெயிச்சுட்டீங்க!” என்று கத்தினாள். கையில் சாந்து ஒட்டியிருந்தது. கைபேசியைத் தோளில் இடுக்கியபடி கேட்டான்.

“அப்ப நான் இருக்கலாமா?”

அவள் குரல் இறங்கியது. “இல்ல, ஷாபூர். அந்தப் பழைய தீர்ப்பு செல்லாதுன்னு ஆயிடுச்சு. மறுபடி தீர்ப்பாயம் விசாரிக்கும், வேற ஆள், முதல்லேர்ந்து. இந்தத் தடவை காகிதத்தை முன்னாடியே கொடுத்துடலாம்.”

“எப்போ?”

“ரெண்டு வருஷம் ஆகலாம். மூணும் ஆகலாம்.”

தீர்ப்பில் நீதிபதி ஒரு வரி எழுதியிருந்தார்: இந்த மனிதர் சொல்வது உண்மையா என்று இந்த நீதிமன்றம் சொல்ல முடியாது, அவரிடம் முறையாகக் கேட்கப்பட்டதா என்று மட்டுமே சொல்ல முடியும், கேட்கப்படவில்லை. ஷாபூர் அதை ரயிலில் திரும்பத் திரும்பப் படித்தான். ஜெயித்தவனுக்கு வீட்டில் சொல்ல ஆள் வேண்டும். அறைச்சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது சமுட் பாட்டி மரத்தடியில் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்து நிமிர்ந்தாள்.

“எலுமிச்சம்பழம் வேணுமா? நீ எங்க வாங்கப் போறே!”

“வேணும்” என்றான் ஷாபூர்.

பாட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “எட்டு வருஷமா வேண்டாம்னுட்டு இப்ப என்ன?” பை நிறையக் கொடுத்தாள். அவன் அறைக்குள் போய்ப் பையை மேசையில் வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், மஹ்வஷைக் கூப்பிட்டான்.

“களைச்சுப் போகாம இருங்க, ஷாபூர் ஜான்.”

“நீயும் களைச்சுப் போகாம இரு.” செய்தியைச் சொன்னான். அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள், நீதிபதியின் பிள்ளைகுட்டிகளை வாழ்த்தினாள். மறுபடி விசாரணை, இரண்டு மூன்று வருஷம் என்பதையும் சொன்னான். மறுமுனையில் மருந்துக்கடையின் மணி அடித்து ஓய்ந்தது.

“மஹ்வஷ், இன்னும் காத்திருக்க முடியுமா உன்னால?”

“இது என்ன கேள்வி? உங்களுக்காக உயிரையே கொடுப்பேன்.”

எட்டு வருஷமாக அந்த இடத்தில் அவன் நிறுத்திவிடுவான். இன்று நிறுத்தவில்லை.

“முடியுமா?”

“நீங்க என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. உடம்பைப் பாத்துக்கோங்க. எனக்கு இங்க என்ன குறை?”

“மூணாவது தடவை கேக்கறேன், மஹ்வஷ். முடியுமா?”

நல்ல காதில் கைபேசியை அழுத்திக்கொண்டான்.

“களைச்சுப் போயிட்டேன், ஷாபூர்” என்றாள். “எனக்கு நாப்பத்தொண்ணு ஆயிடுச்சு. ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு தட்டுதான் எடுத்து வைக்கறேன். நான் ஒரு தடவை அங்க வரப் பாத்தேன். உங்ககிட்ட சொல்லலை.”

“தெரியும்.”

“தெரியுமா? எப்பலேர்ந்து?”

“நாலு வருஷமா.”

“அப்ப ஏன் கேக்கலை நீங்க?”

அவன் உதட்டில் தயாராக ஒன்று வந்து நின்றது: உனக்கு ஏன் சிரமம், உன் வழியைப் பார்த்துக்கொள், என்னைப் பற்றி யோசிக்காதே. நல்ல மரியாதையான சொற்கள். அவற்றை அப்படியே விழுங்கினான்.

“எனக்கு நீ வேணும்” என்றான். “நீ காத்திருக்கணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா உன்னைக் கேக்காம முடிவு பண்ண மாட்டேன். யோசிக்க நேரம் வேணுமா உனக்கு?”

“வேணும்” என்றாள் மஹ்வஷ்.

முதல் தடவையிலேயே சொன்னாள். அது உபசாரம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. “எடுத்துக்கோ” என்றான். அவள் வைத்தபிறகும் கைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு, மேசையிலிருந்த பழங்களைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.